ஒரு வாரம் முந்திப் போன கோராகு

நொயெமி குர்விட்ஸ் என்று கேட்டால் லாஸ் தாலாஸில் யாருக்கும் தெரியாது. மிமி என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அவள் என் தங்கை. என்னைவிட நான்கு வயது இளையவள். எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். முப்பது வயதுக்குக் கீழே எங்கள் யூத வேதமான தோராவை வாசிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி. வெள்ளை நிறம், முன்பக்கம் இரண்டு இருக்கை, இரண்டு பக்கமும் பிரேக். அந்த இருக்கைகளுக்கு உறை தைத்தவன் நான். பதினேழு வருடத்தில் நான்கு முறை மாற்றியிருக்கிறேன். ஓட்டுகிற பக்கத்து உறைதான் எப்போதும் முதலில் கிழியும். பயத்தில் பிள்ளைகள் நகத்தால் பிறாண்டுவார்கள்.

அவள் கணவன் ரூபென் தானிய லாரி ஓட்டுகிறான். வாரத்தில் நான்கு நாள் சாலையில் இருப்பான். "வீட்டுலயும் வண்டி, வெளியிலயும் வண்டி" என்று சலித்துக்கொள்வான். ஆனால் மிமி சொன்னால் லாரியைக்கூடத் துடைத்து வைப்பான்.

அவளுக்கு எபிரேயம் வந்த கதை சின்னது. எனக்குப் பதின்மூன்று வயது நெருங்கியபோது, பிள்ளைகள் முதல் தடவையாகச் சபை முன்னால் தோரா வாசித்துப் பெரியவர்களாகிற பார் மிட்ஸ்வாவுக்கு என்னைத் தயார் செய்ய ஆசிரியர் சால்ஸ்மான் செவ்வாயும் வியாழனும் வீட்டுக்கு வருவார். மிமி மேசைக்கு அடியில் பூனையோடு விளையாடிக்கொண்டிருப்பாள். ஐந்து மாதம் கழித்து எனக்கு மூன்றில் இரண்டு பங்கு தெரியும். அவளுக்கு முழுவதும் தெரியும். பூனையைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

சால்ஸ்மான் வயதாகி புவனோஸ் அயர்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு எங்கள் ஜெபக்கூடத்தில் கற்றுக்கொடுக்க ஆளில்லை. தலைநகரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் பேருந்தில் வருவார் என்றார்கள். பேருந்து வந்தது. அவர் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் தமியான் என்கிற பதினேழு வயதுப் பையன் மிமியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னானாம்: "எனக்குப் பார் மிட்ஸ்வா நடக்கவே இல்ல மிமி. பதிமூணு வயசுல சொல்லிக்கொடுக்க யாருமில்ல. இப்ப போய் நிக்க வெக்கமா இருக்கு."

"வெக்கத்த விடு, கிளட்ச்ச மிதி" என்றாள் மிமி.

ஆறு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவனுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதே வாரம் சனிக்கிழமை தோரா முன்னால் நின்றான். இரண்டிலும் தலா ஒரு தப்பு. இரண்டையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வந்த பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்காரர்கள். அவர்களுக்கு ஓட்டும் வயதில்லை. ஆனாலும் மிமி பாடத்தை வண்டியிலேயே வைத்தாள். ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷன் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைப்பாள். புத்தகம் ஸ்டியரிங்கில் சாய்ந்து நிற்கும். எபிரேய எழுத்துகளுக்கு மேலும் கீழும் ராகக் குறிகள் உண்டு. "இந்தக் குறி வந்தா வளைவு, வேகத்தக் குறை. இது ரெண்டு புள்ளி, சிக்னல், நில்லு. மூச்சு விடு. இப்ப போ." தப்பாகப் பாடினால் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பாள். நிற்கிற வண்டிதான், இருந்தாலும் டொக்கென்று சத்தம் வரும். பிள்ளை சிரித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும்.

மிமிக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அது அடுத்த சனிக்கிழமை.

பார் மிட்ஸ்வாவுக்கு எல்லோரும் வருவார்கள். ஊரே கோட் போட்டுக்கொண்டு வரும். பிள்ளை வாசிக்கும், அம்மா அழுவாள், மிட்டாய் எறிவார்கள், விருந்து நடக்கும். அடுத்த சனிக்கிழமை அதே நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள். பதினேழு வருடத்தில் பத்தொன்பது பிள்ளைகள். அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தவர்கள் இருவர். அதில் ஒருத்தி மறந்துவிட்டுப் போன ஜாக்கெட்டை எடுக்க வந்தாள்.

"பத்தொம்போது பேருக்கு லைசென்ஸ் குடுத்துட்டேன் அண்ணே" என்பாள் மிமி. "ஒருத்தரும் வண்டிய வெளிய எடுக்க மாட்டேங்கிறாங்க."

"படிக்கப் போறாங்க மிமி. பரனா, ரொசாரியோன்னு போறாங்க."

"பதினெட்டு வயசுல போறாங்க. பதிமூணு வயசும் ஒரு வாரமும் ஆனவன் எங்க போறான்? எதிர் வீட்டுல தூங்குறான்."

இருபதாவது பிள்ளை ஃபகுந்தோ கோரெலிக். எல்லோருக்கும் ஃபாகு. ஒல்லிக்குச்சி, பேஸ்கட்பால் ஆடுகிறவன், எதற்கும் ஏன் என்று கேட்கிறவன். அம்மா சில்வினா மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அப்பா ரொசாரியோவில் தனியாக இருக்கிறார். வீட்டில் யாரும் அவனைத் தள்ளவில்லை. "ஒரு கேக் வெட்டினா போதும்னுதான் நெனச்சேன். இவன்தான் வாசிப்பேன்னு நிக்கிறான். யாரப் பாத்து வந்த ஆசையோ" என்று சில்வினா கடையில் மாத்திரையோடு சேர்த்து எல்லோரிடமும் சொன்னாள்.

ஆசை வந்தாலும் இரண்டு முறை விட்டுவிட்டான். முதல் முறை நவம்பரில். பயிற்சியும் பாடமும் ஒரே நேரத்தில் வந்தன. மிமி பாட நேரத்தை மாற்றினாள். இரண்டாம் முறை பிப்ரவரியில். குரல் உடைய ஆரம்பித்திருந்தது. மேலே போகிற இடத்தில் கோழி மாதிரிக் கத்தியதாம். மிமி அவன் வீட்டுக்கே போனாள். "கியர் மாத்துறப்ப சத்தம் வரத்தான் செய்யும். அதுக்காக யாராச்சும் வண்டிய வித்துடுவாங்களா?" என்றாள். திங்கட்கிழமை அவன் ஸ்டேஷன் முற்றத்தில் காத்திருந்தான்.

அவனுடைய நாள் ஜூன் பதினேழு, சனிக்கிழமை. சனிக்கிழமைக்கு ஒரு பகுதியாக வருடம் முழுவதும் தோராவை வாசித்து முடிப்போம்; அந்த வாரத்துப் பகுதி கோராகு என்று மிமி சொல்லியிருந்தாள். மோசேயை எதிர்த்து "எங்களுக்கு மேல உன்னை யார் வெச்சது?" என்று கேட்டவன் கோராகு. ஃபாகுவுக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று. அதைவிடப் பிடித்தது, அதோடு சேர்த்து வாசிக்கிற தீர்க்கதரிசிப் பகுதி. கிழவர் சாமுவேல் மக்கள் முன்னால் நின்று, நான் யாருடைய எருதையாவது எடுத்திருக்கிறேனா, சொல்லுங்கள் என்று கேட்கிற இடம். மாதம் இருமுறை மாட்டு ஏலம் நடக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அது பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. "எலெக்‌ஷன்ல நிக்கிற ஒருத்தராவது இப்படிக் கேப்பாரா மோரா?" என்று கேட்டான். எங்கள் பிள்ளைகள் டீச்சரை மோரா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எட்டு மாதம் படித்தான். இரண்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஜூன் எட்டு, வியாழக்கிழமை. முதல் தடவையாக நிஜத் தோராச் சுருளில் பழகிப் பார்க்க ஃபாகு ஜெபக்கூடத்துக்கு வந்தான். மிமிக்கு ஓட்டுநர் தேர்வுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஜெபக்கூடத்தைத் திறப்பது, கூட்டுவது, சுருளை அந்தந்த வாரத்து இடத்துக்கு உருட்டி வைப்பது என் வேலை. தலைநகரிலிருந்து வருடா வருடம் வரும் சின்னக் காலண்டர் புத்தகத்தைப் பார்த்து, பதினேழாம் தேதிக்கு உரிய இடத்துக்கு உருட்டி வைத்திருந்தேன்.

"ராகக் குறியும் இல்ல, புள்ளியும் இல்ல மாமா. எல்லா எழுத்தும் ஒண்ணு மாதிரி இருக்கு" என்றான் ஃபாகு.

"பயப்படாத. உனக்குத்தான் மனப்பாடமாச்சே. ஆரம்பி."

ஆரம்பித்தான். நல்ல குரல். நான் வெள்ளிக் குச்சியால் சொல் சொல்லாகக் காட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவது சொல்லிலேயே எனக்கு உதைத்தது. சுருளின் தோலில் எழுதியிருந்தது, நாட்டைப் பார்த்துவர மோசே பன்னிரண்டு வேவுகாரர்களை அனுப்பிய கதை. அவன் வாயில் இருந்தது கோராகு. நான் குச்சியை நகர்த்த, அவன் குச்சியைப் பார்த்துக்கொண்டே கண் சிமிட்டாமல் வேறு கதையைப் பாடி முடித்தான். பதின்மூன்று வசனம். ஒரு தப்பு இல்லை.

"எப்படி மாமா?"

"நல்லா இருக்கு" என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அவன் போனதும் புத்தகத்தைப் பார்த்தேன், சுருளைப் பார்த்தேன், திரும்பப் புத்தகத்தைப் பார்த்தேன். மூன்று தடவை. நான் சரியாகத்தான் உருட்டியிருந்தேன். பதினேழாம் தேதிக்கு வேவுகாரர்கள். கோராகு இருபத்து நாலாம் தேதிக்கு.

புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மிமியின் வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் நின்றபடியே உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட க்னிஷ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரும் பாஸ்" என்றாள். "ஒருத்தி மட்டும் பார்க்கிங்ல பூந்தொட்டிய இடிச்சா. ஃபாகு எப்படி?"

"பிரமாதம். மிமி, நீ தேதிய எதுல பாத்த?"

அவள் வாயில் க்னிஷோடு குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினாள். அதன் கதவில் இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து எங்கள் சித்தி மகள் அனுப்பிய காலண்டர். மாதத்துக்கொரு படம், ஜூனுக்கு ஆரஞ்சுத் தோட்டம். அழகான காலண்டர். நான் எங்கள் புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்தேன்.

விஷயம் இதுதான். ஷாவுவோத் பண்டிகை இஸ்ரேலில் ஒரு நாள், வெளியே வாழ்கிற எங்களுக்கு இரண்டு நாள். எங்கள் இரண்டாம் நாள் சனிக்கிழமையில் விழுகிற வருடங்களில், நாங்கள் பண்டிகைப் பகுதியை வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். சில வாரங்களுக்கு அவர்கள் ஒரு பகுதி முன்னால் ஓடுவார்கள். நாங்கள் பின்னால் போவோம். மற்றபடி பெரும்பாலும் இரண்டு காலண்டரும் ஒன்றுதான். பதினாறு வருடம் எந்தப் பிள்ளையின் நாளும் அப்படிப்பட்ட வாரத்தில் விழாததால், அந்தக் குளிர்சாதனப் பெட்டி மிமியை ஏமாற்றியதே இல்லை.

மிமி விரலால் வாரங்களை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பிறகு ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்து, "உன்னப் போய் நம்பினேன் பாரு" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

"நாள மாத்தலாமா?" என்றேன்.

"இருபத்து நாலுக்கா? அவங்கப்பா ரொசாரியோவுல லீவு போட்டாச்சு. மண்டபம் கெடையாது. அறுபது பேருக்குச் சொல்லியாச்சு." முகத்தைத் துடைத்தாள். "அதெல்லாம் கூடப் பாத்துக்கலாம் அண்ணே. ரெண்டு தடவ விட்டுட்டுப் போனவன். எட்டு மாசம் படிச்சது தப்புன்னு சொன்னா, மூணாவது தடவ போவான். திரும்ப வரவே மாட்டான்."

மறுநாள் காலை சமூகத் தலைவர் அபெலார்தோ ரோய்ஸ்மானிடம் சொன்னோம். விதைக்கடை வைத்திருக்கிறார், ஊர் அவரை மரியாதையாகத் தோன் அபெலார்தோ என்று கூப்பிடும். மாதே மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"சரி. யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எது?" என்றாள் மிமி.

"பையன் கோராகு பாடட்டும். சுருள் எங்க தொறந்திருந்தா என்ன? நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு மோசே எந்தப் பக்கம் இருக்கார்னே தெரியாது. மீதிப் பாதி தூங்கும்."

"அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. முடிஞ்சது."

"அப்புறம் இருபது வயசுல எங்கயோ ஒரு ஊர்ல அவன் ஒரு காலண்டரப் பாப்பான் தோன் அபெலார்தோ. பாக்கிறவன்தான், எனக்குத் தெரியும். 'எனக்குச் சொல்லிக் கொடுத்தது நாடகம், எல்லாரும் சேந்து நடிச்சிருக்காங்க'ன்னு நெனப்பான். அதுக்கு அவன் இப்பவே கோவிச்சுக்கிட்டுப் போறது தேவல."

அபெலார்தோ என்னைப் பார்த்தார். "உன் தங்கச்சி எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்" என்றேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு ஸ்டேஷன் முற்றம். என்னையும் வரச்சொல்லி மிமி பின் இருக்கையில் உட்காரவைத்தாள். ஃபாகு ஏறியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"மாமா எதுக்குப் பின்னாடி? யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் ஃபாகு" என்றாள் மிமி. சுற்றி வளைக்காமல் சொன்னாள். இரண்டு காலண்டர், ஒரு வாரம், வேவுகாரர்கள், கோராகு. "உன் தப்பு இதுல கடுகளவும் இல்ல. என் தப்பு."

அவன் உள்ளங்கையால் ஹாரனை அழுத்தினான். நீளமாக, மூச்சு முட்ட. ஸ்டேஷன் நாய் எழுந்து குரைத்தது.

"எட்டு மாசம்" என்றான். குரல் நடுவில் உடைந்தது. "எட்டு மாசம் மோரா! கான்கோர்தியாவுக்கு டீம் போச்சு, நான் போகல!"

கதவைத் திறந்துகொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நடந்தான். நான் கதவில் கை வைத்தேன்.

"விடு அண்ணே. நடக்கட்டும்" என்றாள் மிமி. "ஓடினா சொல்லு, போய்ப் பிடிப்போம்."

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தாள். பதினொரு நிமிடம். அவன் தண்ணீர்த் தொட்டி வரை போய், அங்கே ஒரு கல்லை உதைத்து, அதே கல்லை உதைத்துக்கொண்டே திரும்பி வந்தான். ஜன்னல் பக்கம் நின்றான்.

"கோராகு எப்பதான் படிப்பாங்க?"

"இருபத்து நாலு, சனிக்கிழமை காலைல."

"அன்னைக்கு மட்டும்தானா?"

"முழுப் பகுதி அன்னைக்குத்தான். ஆரம்பத்த மட்டும் அதுக்கு முன்னாடியே, திங்கள், வியாழன்ல..." மிமி நிறுத்தினாள். "அதுக்கும் முன்னாடி, முந்தின சனிக்கிழமை மத்தியானத் தொழுகையில."

"முந்தின சனிக்கிழமைன்னா?"

"பதினேழு" என்றேன் நான், பின்னாலிருந்து.

"எவ்வளவு படிப்பாங்க?"

"ஆரம்பம் மட்டும். பதிமூணு வசனம் போதும்" என்றாள் மிமி மெதுவாக. "நீ படிச்ச அதே பதிமூணு."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?"

"நம்ம ஊர்ல சனிக்கிழமை மத்தியானத் தொழுகை நடந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு" என்றேன். பதிவேட்டில் பார்த்தால் தேதியே சொல்ல முடியும்.

"நடத்தக் கூடாதா?"

"நடத்தலாம். எல்லாரும் தூங்குவாங்க."

ஃபாகு ஜன்னலுக்குள் குனிந்தான். "சாமுவேல்? எருது?"

"மத்தியானத்துல தீர்க்கதரிசிப் பகுதி கிடையாது" என்றாள் மிமி. அதைச் சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "அது இருபத்து நாலு காலைலதான்."

அவன் உதட்டைக் கடித்தான். பிறகு காரைச் சுற்றி வந்து மிமியின் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எறங்குங்க."

"என்ன?"

"பதினேழு காலைல வேவுகாரங்கள யார் படிப்பாங்க? நான் படிக்க வேண்டியது. நீங்க படிங்க. முதல் பத்தியும், அதோட வர்ற தீர்க்கதரிசிப் பகுதியும். முழுசா. நான் எட்டு மாசம் படிச்சேன், உங்களுக்கு ஒன்பது நாள். பிரேக் பக்கம் நான் உக்காருவேன்."

"ஒன்பது இல்ல, எட்டுதான். ஒருநாள் போயிடுச்சு" என்றேன்.

"எட்டு" என்றான் ஃபாகு. "சம்மதமா?"

மிமி இறங்கிச் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். அன்று அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "சின்னப் பையன்னு பாத்தா, கறார் பேர்வழி" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் ஸ்டேஷன் முற்றத்தில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. ஃபாகுவின் கால் பிரேக்குக்குச் சரியாக எட்டாது. சரிந்து உட்கார்ந்து மிதிப்பான். "வளைவு மோரா, வளைவு! நேராப் போறீங்க!" முதல் நாள் நாற்பத்தொரு தடவை. புதன்கிழமை ஆறு. வெள்ளிக்கிழமை, "நாளைக்குப் பாஸாயிடுவீங்க, பூந்தொட்டிய மட்டும் இடிக்காதீங்க" என்றான்.

இதற்கிடையில் அபெலார்தோவிடம் மத்தியானத் தொழுகைக்குச் சாவி கேட்கப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது, கேட்பது மரியாதை.

"சனிக்கிழமை நாலே கால் மணிக்கா? எலியாஸ், அந்த நேரத்துல மெசியா வந்தாலும் கதவத் தட்ட வேணாம்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன்."

"மெசியா காத்திருப்பார். ஃபாகு காத்திருக்க மாட்டான்."

"மெத்தை கொண்டு வரலாமா?"

"உறை நான் தெச்சுத் தரேன்" என்றேன்.

சில்வினாவுக்கு வேறு தலைவலி. மண்டபம் மதியத்துக்கு மட்டும்தான். ராத்திரி அங்கே யாரோ ஒரு பெண்ணின் பதினைந்தாவது பிறந்தநாள். ஆகவே விருந்து முதலில், பார் மிட்ஸ்வா பிறகு. "உலகத்துலயே கேக் வெட்டிட்டு அப்புறம் ஆம்பளையாகப் போறவன் என் பிள்ளை ஒருத்தன்தான்" என்றாள்.

பதினேழாம் தேதி காலை மிமி வாசித்தாள். நல்ல நீலக் கோட் போட்டிருந்தாள். வேவுகாரர்களைப் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தீர்க்கதரிசிப் பகுதியில் இரண்டு தப்பு. ஃபாகு முன் வரிசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மடியில் இரண்டு விரலை மட்டும் நீட்டிக் காட்டினான். நாற்பத்தைந்து வயதில் அவளுடைய முதல் பெரிய வாசிப்பு அது. எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் இல்லை. அவள் கேட்டதும் இல்லை. மேடையிலிருந்து இறங்கியதும் நேரே ஃபாகுவிடம் போய், "பாஸா?" என்றாள்.

மதியம் அசாதோ. விலா எலும்பும் மாட்டிறைச்சியும் நெருப்பில் வாட்டி, உருளைக்கிழங்கு சாலட், அதன்மேல் கேக். நான்கு மணிக்கு அறுபது பேரும் ஊதிப்போன முகத்தோடு ஜெபக்கூடத்துக்கு நடந்து வந்தார்கள். அபெலார்தோவின் தலைமுடி ஒரு பக்கம் படிந்திருந்தது. வழியில் எங்கேயோ பத்து நிமிடம் தலையணையைப் பார்த்திருக்கிறார். ரொசாரியோ மாமா ஒருவர் உட்கார்ந்த நொடியில் குறட்டை விட்டார்.

ஃபாகு ஏறி நின்றான். நான் கோராகுவின் இடத்தில் சுருளைத் திறந்து வைத்திருந்தேன். இந்த முறை குச்சியும் குரலும் ஒன்றாகப் போயின. ஐந்தாவது வசனத்தில் குரல் உடைந்து மேலே போய் விழுந்தது. அவன் நிற்கவில்லை. இறக்கத்தில் கியர் மாற்றிப் போகிற மாதிரிப் போய்க்கொண்டே இருந்தான். முடிந்ததும் மிட்டாய் மழை. அதில் ஒன்று குறட்டை மாமாவின் நெற்றியில் பட்டது. அவர் எழுந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

பிறகு ஃபாகு பேசவேண்டும். எழுதி வந்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

"நான் இன்னொண்ணும் படிச்சிருக்கேன்" என்றான். "அது இன்னைக்கு இல்ல. அது அடுத்த சனிக்கிழமை காலைல. பத்து மணிக்கு வாங்க. கேக் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மிமியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது, "கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். மைக் முன்னாடி எல்லாரும் சொல்றதுதான்" என்றாள். "பேசாம வா."

அந்த வாரம் அவள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதாலேயே எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்குப் போய், தலைவலி இல்லாமலே தலைவலி மாத்திரை வாங்கி வந்தாள். சில்வினாவிடம் பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழக்கிழமை இன்னொன்று வாங்கினாள்.

இருபத்து நாலு காலை மழை. பத்து மணிக்குப் பதினான்கு பேர். எல்லோரும் வழக்கமாக வருகிறவர்கள். பத்தே கால், பத்தரை. மிமி மூன்றாவது வரிசையில் புத்தகத்தைப் புரட்டாமல் வைத்திருந்தாள். தோராச் சுருளை வெளியே எடுத்தோம். கோராகுவை நானே வாசித்தேன், மெதுவாக. அவசரமில்லாமல் வாசிக்க எனக்கு அன்று காரணம் இருந்தது. அபெலார்தோ என் காதருகே குனிந்து, "இப்படியே போனா மத்தியானத் தொழுகையும் இதுலயே முடிஞ்சிடும்" என்றார்.

பதினொன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஃபாகு. சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான், சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கோட்டுக்குள்ளே பேஸ்கட்பால் பனியன், எண் எட்டு. முழங்கால் வரை சேறு.

"பன்னெண்டரைக்கு மேட்ச்" என்று மூச்சு வாங்கினான். "முடிஞ்சிடுச்சா?"

"இல்ல" என்றேன். "சரியா வந்துட்ட."

எருதைப் பற்றிய அந்தப் பகுதியை அவன் பதினான்கு பேருக்கு வாசித்தான். அம்மா இல்லை, மாமாக்கள் இல்லை, மிட்டாய் இல்லை. சாமுவேல் மக்களைக் கேட்கிற இடம் வந்ததும் சற்று நிறுத்தி, நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. அபெலார்தோ அனிச்சையாக இல்லையென்று தலையாட்டினார்.

முடிந்ததும் எப்போதும் போல ரொட்டியும் உப்பு ஹெர்ரிங் மீனும். அவன் நின்றபடியே நான்கு துண்டு விழுங்கினான். என் காலண்டர் புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"அடுத்த வாரம் எது மாமா?"

"ரெண்டு பகுதி சேந்து வருது. இஸ்ரேல்ல ஒண்ணு படிப்பாங்க, நாம ரெண்டும் படிப்போம். அதோட ரெண்டு காலண்டரும் ஒண்ணாயிடும்."

"யார் படிக்கிறது?"

"இன்னும் ஆளில்ல" என்றாள் மிமி. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீளமா?"

"நீளம்தான்."

"ஒரு வாரத்துல வருமா?"

"எனக்கு எட்டு நாள்ல வந்துச்சு."

"நீங்க நாப்பத்தொரு தப்போட ஆரம்பிச்சீங்க." கடைசித் துண்டையும் எடுத்துக்கொண்டான். "பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. திங்கக்கிழமை ஆறு மணி. இப்ப நான் போகணும், கோச் கத்துவார்."

சைக்கிள் மழைக்குள் போய் மறைந்தது. மிமி பின்னறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். நான் கூப்பிடவில்லை. பதிவேட்டைத் திறந்து, ஜூலை ஒன்றாம் தேதிக்கு நேரே இரண்டு பெயர்களை எழுதினேன்.